தில்லிக் குளிரும் ரூம் ஹீட்டரும்: நம் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

தில்லிக்கு வந்து முதல் குளிர்காலத்தைக் கழித்த தமிழர் யாரும் அதை மறப்பதில்லை. நம் ஊர் மார்கழி ஒரு சால்வையோடு முடிந்துவிடும். இங்கே டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை இரவு வெப்பநிலை நாலைந்து டிகிரிக்கு இறங்குவது சகஜம். 2021 ஜனவரி 1-ஆம் தேதி காலை சப்தர்ஜங்கில் பதிவானது 1.1 டிகிரி செல்சியஸ். நாம் குடியிருக்கும் வீடுகளோ வெயிலை நினைத்துக் கட்டியவை: மொசைக் தரை, உயரமான கூரை, கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி. ஆகவே தீபாவளி கழிந்ததும் பரணிலிருந்து ஹீட்டர் இறங்கிவிடுகிறது.

எந்தக் கம்பெனி ஹீட்டர், என்ன விலை என்று நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறோம். அதைச் செருகப்போகும் பிளக் பாயிண்டையும், சாத்திவைக்கப்போகும் ஜன்னலையும் பற்றி யோசிப்பதில்லை. குளிர்கால விபத்துகளில் பல இந்த இரண்டு இடங்களில்தான் ஆரம்பிக்கின்றன.

மூன்று வகை

கம்பி சிவந்து எரியும் ராடு ஹீட்டர் எதிரே உட்கார்ந்தவருக்கு உடனே சூடு தரும். துணி பட்டால் உடனே பற்றவும் செய்யும். ஃபேன் வைத்த புளோயர் சின்ன அறையைச் சீக்கிரம் சூடாக்கும். தூசியையும் சேர்த்து இழுக்கும். எண்ணெய் ரேடியேட்டர் (ஓ.எஃப்.ஆர். என்பார்கள்) மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். சிவந்து தெரியும் கம்பி இதில் வெளியே இல்லாததால் குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள அறைக்கு இதுவே நல்லது. உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, குறைவதில்லை. வருஷா வருஷம் ஊற்ற வேண்டியதும் இல்லை. எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, சாய்ந்தால் தானே அணைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

சுவரில் இருக்கும் ஆபத்து

நம் வீட்டுச் சுவர்களில் இரண்டு அளவு பிளக் பாயிண்ட் உண்டு. சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதைப் பெரிய பாயிண்டில்தான் செருக வேண்டும். பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் நுழைக்கக் கடையில் கன்வெர்ட்டர் பிளக் கிடைக்கும். டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் வாங்கிய எக்ஸ்டென்ஷன் போர்டும் கையருகே இருக்கும். இரண்டுமே ஹீட்டருக்கு ஆகாது.

"எம்.சி.பி. போட்டிருக்கே, ஏதாவதுன்னா விழுந்துடுமே" என்று சொல்பவர்கள் உண்டு. அளவுக்கு மீறி கரண்ட் ஓடினால்தான் எம்.சி.பி. விழும். பிளக் தளர்ந்திருந்தால் கரண்ட் கூடுவதில்லை; தளர்ந்த இடம் மட்டும் சூடாகிறது. அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தால்கூட, 8.7 ஆம்பியர் ஓடும்போது அங்கே சுமார் 38 வாட் வெப்பம் உண்டாகும். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் சொருகிவைத்த மாதிரிதான். எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது.

ஒரு எளிய சோதனை: ஹீட்டரை இருபது நிமிஷம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய பின், பிளாஸ்டிக் கருகும் வாசனை இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பாயிண்டை மாற்றும்வரை ஹீட்டர் போடக்கூடாது. அரசுக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் சி.பி.டபிள்யூ.டி. என்கொயரியில் புகார் எழுதிவைக்கலாம். பழைய பர்ஸாத்தி வீடுகளில் எர்த் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக்கிலிருந்து காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுவிட்டால் நிம்மதி.

காற்று

"ஹீட்டர் ஆக்ஸிஜனைச் சாப்பிட்டுடும், அதனால பக்கத்துல தண்ணி வைக்கணும்" என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. அது ஆக்ஸிஜனைச் செலவழிப்பதும் இல்லை. தண்ணீர் ஆக்ஸிஜன் தருவதும் இல்லை. ஆனால் தண்ணீர் வைப்பதில் வேறொரு நியாயம் உண்டு. 5 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தொண்டை வறட்சிக்கும் தோல் வெடிப்புக்கும் காரணம் இதுதான். பாத்திரத்தைத் தள்ளி வையுங்கள். ஹீட்டரின் மேல் வேண்டாம்.

கரி அங்கீட்டியும் கேஸ் ஹீட்டரும் வேறு சமாசாரம். அவை உண்மையாகவே எரிகின்றன. மூடிய அறையில் அவை வெளியிடும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம். அதன்பின் எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இராது. 2020 ஜனவரி 21 அன்று நேபாளத்தில் தாமன் என்ற மலையூரின் விடுதியில், கேஸ் ஹீட்டர் போட்ட அறையில் உறங்கிய கேரளப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் குழந்தைகள். 2024 ஜனவரியில் தில்லி அலிப்பூர்ப் பக்கம் அங்கீட்டியோடு படுத்த ஒரே குடும்பத்தினர் நால்வர் இறந்தார்கள். குளிர் பழகாத தெற்கத்திக் குடும்பங்கள் சிம்லா, மணாலி என்று போகும்போது விடுதியில் என்ன ஹீட்டர் என்று கேட்டுக்கொள்வது அவசியம். வீட்டிலும் வேலைக்கு வருபவரோ காவலாளியோ அங்கீட்டியோடு கதவைச் சாத்திப் படுக்கிறாரா என்று கவனியுங்கள். குளியலறை கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நம் வீட்டுப் பழக்கங்கள்

தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காது, தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும். உடனே மாவுப் பாத்திரமும் எண்ணெய் பாட்டிலும் ஹீட்டர் பக்கத்துக்கு வந்துவிடும். ஈரம் காயாத ஸ்கூல் யூனிஃபார்மும் வேட்டியும் அதன் மேலேயே ஏறிவிடும். மாவைக் கம்பளி சுற்றி அலமாரிக்குள் வைத்தாலே போதும், கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும். எண்ணெய்க்கு ஒரு மக் வெந்நீர் போதும். ரஜாய், திரைச்சீலை, துணி எல்லாம் ஹீட்டரிலிருந்து மூன்றடி தள்ளியே இருக்கட்டும்.

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் "காலெல்லாம் மரத்துப்போச்சு" என்று ஹீட்டரை ஒட்டிக் கால் நீட்டுவார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. அவர்களுக்குக் கம்பளிக் காலுறையே நல்லது.

கரண்ட் போன நேரத்தில் ஹீட்டர் ஸ்விட்சை அப்படியே விட்டு வெளியே கிளம்பிவிடுவது இன்னொரு பழக்கம். கரண்ட் வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டுப் போங்கள்.

பராமரிப்பு

பரணிலிருந்து எடுத்ததும் பிளக்கில் செருகாமல், உலர்ந்த துணியாலும் பிரஷ்ஷாலும் தூசியை எடுங்கள். வயரை முழு நீளமும் விரலால் தடவி வெடிப்பு பாருங்கள். படுக்கவைத்திருந்த எண்ணெய் ரேடியேட்டரைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்தபின் போடுங்கள். அடியில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் போடவே வேண்டாம். புளோயரில் கடகட சத்தம் வந்தால் ரிப்பேருக்குக் கொடுங்கள். ஹோலிக்குப் பிறகு துடைத்து, வயரை இறுக்காமல் சுற்றி, மூடி வைத்தால் அடுத்த வருஷம் வேலை மிச்சம்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஹீட்டரைப் போட்டு, அறை சூடானதும் அணைத்துவிட்டு, ரஜாய்க்குள் புகுந்துகொள்வதே தில்லிக்குச் சரியான முறை. 2000 வாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட். எட்டு மணி நேர ராத்திரிக்குத் தெர்மோஸ்டாட் இல்லாமல் பதினாறு யூனிட். உயிருக்கும் காசுக்கும் ஒரே ஸ்விட்ச். தீயோ மயக்கமோ நேர்ந்துவிட்டால் மெயினை அணையுங்கள், ஜன்னல்களைத் திறந்து ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், 112-க்குப் போன் செய்யுங்கள். கரண்ட் ஓடும் ஹீட்டர் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதை வீட்டில் சின்னக் குழந்தைக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.