மூலிகையும் பண்டமும்: சீன மருத்துவமும் சிறுநீரக நோயும்

மரபுவழி மருத்துவம் பற்றிய விவாதங்களிலே இரு நிலைப்பாடுகள் மீளமீளத் தலைகாட்டுகின்றன. ஒன்று, பழமையே பயனுக்குச் சான்று என்பது. மற்றது, பழமையே பயனின்மைக்குச் சான்று என்பது. இரண்டும் மருந்தினை அதன் சமூக வரலாற்றினின்று பிரித்து நோக்குவன. நாட்பட்ட சிறுநீரக நோய் தொடர்பாகச் சீன மூலிகைகள் பெற்ற வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

சீன மருத்துவம் 'ஷென்' எனக் கூறும் சிறுநீரகம் உடற்கூற்றியல் காட்டும் உறுப்பு மாத்திரமன்று. வளர்ச்சி, இனவிருத்தி, எலும்பு, உடல்நீர் ஆகியவற்றை ஆளும் செயற்பாட்டுத் தொகுதி அது. ஆகவே, 'ஷென்'னை வலுவூட்டும் மருந்து யாவும், இன்று குருதியின் கிரியற்றினின் அளவுகொண்டு அறியப்படும் நோய்க்கு மருந்தாகிவிடா. பண்டைய வைத்தியர் கண்டதும் தணிக்க முயன்றதும் உடல் வீக்கத்தையே. ஹான் வமிசத்தின் இறுதிக்காலத்தவரான சாங் சொங்ஜிங்கின் குடிநீர் ஒன்றிலே, நீரை வெளியேற்றும் ஃபாங்ஜியும் உடல்வலு பெருக்கும் ஹுவாங்ச்சியும் முதன்மை பெறுகின்றன.

ஃபாங்ஜியின் பிற்கால வரலாறு மனங்கொள்ளத்தக்கது. ஸ்டெபானியா இனத்து வேரொன்றும் அரிஸ்டோலோக்கியா இனத்து வேரொன்றும் அப்பெயரால் வழங்கின. 1990களின் தொடக்கத்திலே பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்கென வழங்கப்பட்ட குளிசைகளில், முன்னதற்குப் பதிலாகப் பின்னது கலந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் ஏறத்தாழ நூறு பேரின் சிறுநீரகங்களைச் சிதைத்தது. 1993இல் பெல்ஜிய மருத்துவர் இதனை வெளிப்படுத்தினர். பலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் தோன்றியது. வீக்கம் தணிக்கப் பயன்பட்ட மூலிகை மெலிவுப் பண்டமாகச் சந்தைக்கு வந்தபோது, அதனை இனங்காண வல்ல வைத்தியர் இடையில் இல்லாதுபோயினர்.

ஆயினும், குற்றம் முழுவதையும் அந்நியச் சந்தைமீது சுமத்துதல் பொருந்தாது. சிறுநீர் பெருக்கும் மூத்தொங் என்னும் மருந்தின் இடத்தை, சீனத்திலேயே 20ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோலோக்கியா இனத்து மஞ்சூரியக் கொடி பிடித்துக்கொண்டது. ஆண்டுகள் கழித்து வெளிப்படும் கேட்டினைத் தனி வைத்தியரின் அனுபவம் கண்டறிதல் அரிது. சீன அரசு 2003இல் அக்கொடியையும், 2004இல் அரிஸ்டோலோக்கியா இனத்து ஃபாங்ஜியையும் மருந்துப் பட்டியலினின்று நீக்கியது.

1929இல் நான்கிங் அரசின் சுகாதாரக் குழு மரபு மருத்துவத்தை ஒழிக்க முனைந்தது. வைத்தியரின் எதிர்ப்பால் அது கைகூடவில்லை. 1958இல் மாஓ சேதுங் அம்மருத்துவத்தைக் கருவூலமெனக் கொண்டு, அதனை ஆராய்ந்து உயர்த்துமாறு வேண்டினார். உயர்த்துதல் என்பது சோதித்தலையும் உள்ளடக்கும். ஹுவாங்ச்சி, இரேவற்சின்னி ஆகியவை பற்றிய பரிசோதனைகள் சில நம்பிக்கை தருவனவாயினும், பெரும்பாலானவை சிறியன, முறையியற் குறைபாடுடையன என்றே தொகுப்பாய்வுகள் காட்டியுள்ளன.

நமது வைத்தியத்தில் வழங்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்தனவே. எனவே இவ்வினா நமக்கும் உரியது. குருதிச் சுத்திகரிப்புக்கு வசதியற்ற நோயாளிக்கு மரபின் பெருமையோ சந்தையின் வாக்குறுதியோ உதவா. மூலிகையை இனங்கண்டு, நெடுங்காலம் சோதித்து, முடிவினை மறைக்காது வெளியிடும் பொதுநிறுவனமே அவருக்குத் துணையாகும்.