சங்கீதம் வந்த வழி



சுந்தரபாண்டியம், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதியெல்லாம் அன்று திருநெல்வேலிச் சீமையின் வடபகுதி. 1854-இல் ராக்லண்ட் என்ற ஆங்கிலேயப் போதகர் இந்த வடபகுதியில் கூடாரம் அடித்து, ஊர் ஊராகச் சென்று கிறிஸ்தவத்தைப் போதித்தார். 1858-இல் சிவகாசியில் மறைந்தார்.

அவர் போதித்த சமயத்தின் ஆணிவேர் எருசலேமில் இருக்கிறது. இயேசுவும் யூதர், அவருடைய முதல் சீடர்களும் யூதர்கள். கடவுள் ஒருவரே என்பது மோசேயின் நூல்களிலிருந்து வந்தது. மரித்தோர் ஒருநாள் எழுவார்கள் என்ற நம்பிக்கையும் புதிதல்ல. யூதர்களில் பரிசேயர் என்ற பிரிவினர் அதை ஏற்றனர், சதுசேயர் என்ற பிரிவினர் மறுத்தனர். திருத்தூதர் பவுல் பரிசேயராக வளர்ந்தவர். இயேசுவின் கடைசி இராவுணவையே யூதர்களின் பஸ்கா விருந்து என்றுதான் முதல் மூன்று நற்செய்திகளும் சொல்கின்றன.

இந்த வேரை வெட்டிவிடவும் ஒருவர் முயன்றார். இரண்டாம் நூற்றாண்டில், யூத மறைநூல்களே வேண்டாம் என்றார் மார்சியன் என்பவர். ரோமாபுரித் திருச்சபை அவரை விலக்கியது. திருச்சபை வரலாற்றின் மிகப் பெரிய முடிவுகளில் ஒன்று அது என்றே சொல்லத் தோன்றுகிறது. தாவீதின் பெயரால் வழங்கும் சங்கீதங்கள் இன்றும் நம் ஆலயங்களில் ஒலிப்பது அதனால்தான்.

தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த போதகர் சீகன்பால்குவும் அதோடு நிற்கவில்லை. அந்த யூத மறைநூல்களான பழைய ஏற்பாட்டை ரூத் நூல் வரை மொழிபெயர்த்து, 1719-இல் காலமானார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே.