உங்களுக்குத் தெரியுமா? ஊரும் உறவும்

சின்னஞ்சிறு ஊருக்கும் நெருங்கிய உறவுக்கும் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் ஆளும் மாறிவிடுவார், இடமும் மாறிவிடும்!

● 'சேர்' என்பதிலிருந்து வந்தது 'சேரி'. சேர்ந்து வாழும் வீடுகளின் தொகுதி, அவ்வளவுதான். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 30 குடும்புகளையும் 12 சேரிகளையும் குறிப்பிடுகின்றன. உத்தரமேரூர் பிராமணர்களின் ஊர், அதாவது சதுர்வேதிமங்கலம். அங்கே சேரி என்றால் தெரு. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி.

● அகப்பொருள் இலக்கணம் நிலத்துக்கு ஏற்ப ஊருக்குப் பெயர் வைத்தது. குறிஞ்சிக்குச் சிறுகுடி, குறிச்சி, முல்லைக்குப் பாடி, சேரி, மருதத்துக்கு ஊர், நெய்தலுக்குப் பாக்கம், பட்டினம், பாலைக்குக் குறும்பு. மலைக்குரிய குறிச்சி பிற்பாடு சமவெளிக்கும் இறங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இன்று அது ஊருக்குள் இருக்கும் ஒரு பகுதி.

● சென்னையின் புரசைவாக்கத்தில் ஒட்டியிருக்கும் 'வாக்கம்', நுங்கம்பாக்கத்தின் 'பாக்கம்'தான். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பமும் பெசன்ட் நகரின் ஊரூர்க் குப்பமும் மீனவர் வாழும் இடங்கள். அந்தக் கரையில் 'குப்பம்' என்றாலே வலையும் படகும் கண்முன் வந்துவிடும்.

● நீலகிரியில் சிற்றூருக்கே மூன்று பெயர். அங்கு வாழும் தோடருக்கு மந்து, படகருக்கு அட்டி, கோத்தருக்குக் கோக்கால். உதகமண்டலம் என்ற பெயரே 'ஒத்தக்கல் மந்து' என்பதிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். மந்துக்குப் போனால் தோடரின் பழைய வகை வீட்டைப் பாருங்கள். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி கூரை. வாசல் அத்தனை சிறிது. பெரியவர்கள் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். குளிரும் காட்டு விலங்கும் உள்ளே வராது.

● 'பட்டி' என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம். ஆட்டுப்பட்டி என்ற பேச்சு இன்றும் உண்டு. கோவில்பட்டியிலும் உசிலம்பட்டியிலும் அதே சொல் ஊராகிவிட்டது.

● 'வளவு' எந்த ஊரில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சேலம், கொங்குப் பக்கம் வீடுகளின் கொத்து. செட்டிநாட்டில் வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றிய பகுதி. யாழ்ப்பாணத்தில் வீடும் அதைச் சூழ்ந்த காணியும்.

● இலங்கை மலையகத் தோட்டங்களில் குடியிருப்புக்கு 'லயம்' என்று பெயர். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் அப்படித் தமிழானது. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். ஒரு குடும்பத்துக்குச் சுமார் 10 அடிக்கு 12 அடியில் ஒரு 'காம்பரா'. காம்பரா போர்த்துகீசியச் சொல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் பிரட்டுக்களம்.

● தூத்துக்குடி, மன்னார்குடியில் 'குடி' ஊர். மட்டக்களப்பில் 'குடி' உறவு! அங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்பது தாய்வழி வரும் மரபுக் குழு. தாயின் குடி எதுவோ அதுவே பிள்ளையின் குடி.

● தென்மாவட்டங்களின் கொண்டையங்கோட்டை மறவரிடமும் 'கிளை' என்ற மரபுக் குழு தாய்வழிதான். சில கிளைகள் சேர்ந்தது 'கொத்து'. ஒரே கிளைக்குள் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அண்ணன் தங்கை முறை ஆகிவிடும்.

● 'தாயாதி' என்றதும் தாய்வழிச் சொந்தம் என்று நினைக்கிறீர்களா? நேர் எதிர்! 'தாயம்' என்றால் சொத்துரிமை. தாயாதி என்பவர் தந்தைவழிச் சொத்தில் பங்குள்ளவர். 'பங்காளி'யும் அதே கதைதான். சாவு விழுந்தால் இவர்களுக்குத் தீட்டு. வரப்புத் தகராறு வந்தால் எதிரில் நிற்பவரும் பெரும்பாலும் இவர்களே.

● அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் ஒருவருக்கொருவர் ஓரகத்தி. ஓர் அகத்தில், அதாவது ஒரே வீட்டில், வாழ வந்தவர்கள். தனிக்குடித்தனம் போன பிறகும் பெயர் மாறவில்லை. அக்கா தங்கையைக் கட்டிய ஆண்கள் சகலை, இலங்கையில் சகலன்.

● உறவுக்கு இத்தனை என்றால் நட்புக்கும் குறைவில்லை. நெல்லைப் பக்கம் 'சேக்காளி', சென்னையில் 'தோஸ்து', மலேசியாவில் 'கூட்டாளி'. திருவள்ளுவர் நட்பைச் சுற்றியே தொடர்ந்து ஐந்து அதிகாரம், 50 குறள் எழுதினார். அதில் ஒன்றின் பெயர் 'பழைமை'. நெடுநாள் பழகியவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பொறுத்துப்போவதுதான் அங்கே பேச்சு.

● இப்படிப்பட்ட சொற்களை எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகள் பாட்டாகவே நெட்டுருப் போட்டார்கள். சொற்களைப் பாட்டில் தொகுத்த நூல்தான் நிகண்டு. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு திண்ணைப் பள்ளிப் பாடம். அதற்கு முந்திய சேந்தன் திவாகரத்தில் 12 தொகுதி. இடப்பெயருக்கென்றே தனித் தொகுதி உண்டு.

● 'நத்தம்' என்பதும் ஊர்தான். இலக்கியத்தில் அரிதாகிவிட்ட இந்தச் சொல் தாலுகா ஆபீசில் தினமும் புழங்குகிறது. விளைநிலத்திலிருந்து பிரித்து, குடியிருக்க ஒதுக்கிய இடமே கிராம நத்தம். சொந்த ஊரில் பழைய வீடு இருந்தால் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் 'நத்தம்' என்று இருந்தால், உங்கள் தாத்தா காலத்துக்கும் முன்பே அங்கே ஊர் கூடியிருக்கலாம்.