தங்கவயல் வீட்டில் ஒரு மாம்பழ ஜெலாட்டோ

மே மாதம் பிறந்துவிட்டால் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைச் சந்தையை மாம்பழ மணம் சூழ்ந்துகொள்ளும். மாவட்டத்தின் மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீநிவாசப்பூர்ப் பகுதியிலிருந்து பாதாமி, ரசபுரி, மல்லிகா, கிளிமூக்கு, நீலம் என்று ஒவ்வொரு வகையும் தன் முறைக்கு வந்து குவியும். வரத்து மிகும் நாட்களில் விலை இறங்கும். ஆனால், வாங்கிய கூடையில் பாதி கனிந்து மறுபாதி கனிவதற்குள் முதற்பாதி அழுகத் தொடங்கிவிடும். நன்கு கனிந்த மாம்பழம் வீட்டில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் காத்திருப்பதில்லை.

அப்படியொரு பருவத்தில்தான் எங்கள் தெருவில் வசிக்கும் இளம்பெண் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய கணவர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புபவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு இவ்வூரில் பல குடும்பங்களின் வாழ்க்கை அந்த ரயிலின் நேரத்தையே சார்ந்திருக்கிறது. அவருடைய தொடர் வைப்புக் கணக்கு அந்த மாதம்தான் முதிர்வடைந்திருந்தது.

“மாமா, பெங்களூரில் ஜெலாட்டோ என்று ஒன்று சாப்பிட்டோம். ஒரு சிறு கிண்ணத்துக்கு அவ்வளவு விலை. நம் மாம்பழத்தில் அதைச் செய்தால் விற்காதா? வைப்புத் தொகையோடு கொஞ்சம் கடனும் சேர்த்து ஓர் இயந்திரம் வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் வங்கியில் இருந்தவர், சொல்லுங்கள்” என்றார்.

பணி ஓய்வு பெற்ற பின்னும் என்னை விடாத கேள்வி இது. “இயந்திரம் எங்கும் போய்விடாதம்மா. முதலில் பத்து முறை இயந்திரம் இல்லாமல் செய்து பார். பிறகு பேசலாம்” என்றேன். அந்தப் பத்து முறைகளில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையே இக்கட்டுரையில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஜெலாட்டோ என்பது என்ன?

இத்தாலிய மொழியில் ஜெலாட்டோ என்றால் ‘உறைந்தது’ என்று பொருள். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியர்கள் பனிக்கட்டியில் உப்பைக் கலந்து, அந்தக் கடுங்குளிரில் பழச்சாற்றையும் பாலையும் உறையவைத்தனர். சிசிலித் தீவில் பிறந்த புரோக்கோப்பியோ 1686இல் பாரிஸ் நகரில் காப்பிக் கடை திறந்து இத்தகைய குளிர்பண்டங்களை விற்றார். மின்சாரம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நிலைபெற்ற கலை இது என்பதை நினைவில் வைத்தால், வீட்டில் செய்வதற்கு அச்சம் தோன்றாது.

ஐஸ்கிரீமுக்கும் ஜெலாட்டோவுக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு. நம் நாட்டு உணவுச் சட்டப்படி ஐஸ்கிரீம் என்று அழைக்கப்படுவதற்குக் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும். ஜெலாட்டோவில் அது பெரும்பாலும் 4 முதல் 8 சதவீதத்திற்குள் அடங்கும். ஐஸ்கிரீமில் காற்று மிகுதியாக அடிக்கப்பட்டிருக்கும். ஜெலாட்டோவில் காற்று குறைவு, அதனால் அடர்த்தி அதிகம். மூன்றாவதாக, ஜெலாட்டோவை ஐஸ்கிரீமைவிடச் சற்றே குளிர் குறைந்த நிலையில், ஏறக்குறைய மைனஸ் 12 டிகிரியில் பரிமாறுவார்கள். கொழுப்பும் கடுங்குளிரும் நாவை மரத்துப்போகச் செய்யாததால் பழத்தின் சுவை முழுமையாகத் தெரிகிறது. நல்ல பழம் மலிவாகக் கிடைக்கும் ஊருக்கு இது பொருத்தமான பண்டம்.

குளிர் நமக்குப் புதிதல்ல

குளிரை உண்டாக்குவது தங்கவயலுக்குப் பழகிய தொழில். சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் பிறந்த மின்சாரம் 1902இல் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பிகளில் பயணம் செய்து இச்சுரங்கங்களை வந்தடைந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியபோது, அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. அந்த ஆழத்தில் மனிதர் வேலை செய்யும்பொருட்டு, காற்றைக் குளிரூட்டி உள்ளே செலுத்தும் நிலையங்கள் இங்கே இயங்கின. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து இறங்கிய நம் முன்னோர்க்குக் குளிர் என்பது உயிர்காக்கும் பொருளாக இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வீட்டில் இன்று குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. அதைக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி.

மூன்று தோல்விகள் கற்பித்தவை

முதல் முறை, பாலும் சர்க்கரையும் மாம்பழக் கூழும் கலந்த கலவையை ஆழமான பாத்திரத்தில் ஊற்றி, இரவு முழுவதும் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டார். காலையில் கத்திகூட இறங்கவில்லை. சுரண்டி உண்டபோது பனித்துகள்கள் நாவில் நறநறத்தன. காரணம் எளிது. உறையும்போது தண்ணீர் தனியே பிரிந்து படிகமாகிறது. மெதுவாக, அசைவின்றி உறைந்தால் படிகங்கள் பெரிதாக வளரும். விரைவாக, கலக்கப்பட்டபடி உறைந்தால் அவை நாவுக்குத் தட்டுப்படாத அளவு சிறிதாகவே நின்றுவிடும். இயந்திரம் செய்வதும் இதைத்தான்.

இரண்டாம் முறை, மாமனாருக்கு நீரிழிவு இருப்பதால் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தார். முன்னதைவிடக் கடினமாக உறைந்தது. இனிப்பு தருவது மட்டுமே சர்க்கரையின் வேலையன்று. அது தண்ணீரில் கரைந்து உறைநிலையைத் தாழ்த்துகிறது. அதனால் ஒரு பகுதி நீர் உறையாமல் நின்று, பண்டத்தைக் கரண்டிக்கு இசைவாக்குகிறது. சர்க்கரையை மனம்போல் குறைத்தால் ஜெலாட்டோ கல்லாகும். மிகுத்தால் உறையவே உறையாது. நீரிழிவு உள்ளவர்க்குச் சிறு கிண்ணமும் மருத்துவரின் ஆலோசனையுமே வழி.

மூன்றாம் முறை, கொதித்த பாலிலேயே பழக்கூழைச் சேர்த்தார். பழத்தின் புளிப்பால் பால் திரிந்தது. பாலையும் பழத்தையும் தனித்தனியே ஆறவைத்துக் குளிர்ந்த நிலையிலேயே சேர்க்க வேண்டும்.

நான்காம் முறை அமைந்த அளவு

சுமார் 10 சிறு கிண்ணங்களுக்கு: முழுக் கொழுப்புப் பால் 500 மில்லி, கடையில் கிடைக்கும் ஃபிரஷ் கிரீம் 100 மில்லி, சர்க்கரை 140 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 30 கிராம், சோள மாவு 15 கிராம், நன்கு கனிந்த மாம்பழத்தின் கூழ் 300 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

சிறிது குளிர்ந்த பாலில் சோள மாவைக் கட்டியின்றிக் கரைத்து வைக்கவும். மீதிப் பாலில் பால் பவுடரையும் சர்க்கரையையும் கலந்து அடுப்பில் ஏற்றிக் காய்ச்சவும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஊற்றி, அடிப்பிடிக்காமல் இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் கலவை கெட்டிப்படும். இறக்கி, கிரீமையும் உப்பையும் சேர்த்து, பாத்திரத்தைத் தண்ணீரில் நிறுத்தி விரைவாக ஆறவைத்து, குளிர்பதனப் பெட்டியில் மூடி வைக்கவும். முட்டை சேர்க்காமல் மாவினால் கெட்டிப்படுத்தும் இம்முறை சிசிலியில் வழங்கிவருவது. நம் வீடுகளுக்கும் ஏற்றது.

ஓர் இரவு அது அங்கேயே இருக்கட்டும். இந்த ஓய்வில் பால் புரதமும் மாவும் நீரை நன்கு பிடித்துக்கொள்கின்றன. மறுநாள் மாம்பழக் கூழை வடிகட்டி நார் நீக்கி, எலுமிச்சைச் சாறுடன் குளிர்ந்த கலவையில் சேர்க்கவும். இவ்வளவில் கொழுப்பு ஏறக்குறைய 5 சதவீதம் அமையும்.

உறையவைக்க இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி மிக்சி. கலவையை அகன்ற தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாமல் ஊற்றி, நான்கைந்து மணி நேரம் உறையவைக்கவும். பிறகு துண்டுகளாக வெட்டி, முன்கூட்டியே குளிரவைத்த ஜாரில் சிறிது சிறிதாகப் போட்டு, விட்டுவிட்டு அரைக்கவும். படிகங்கள் நொறுங்கி வெண்ணெய் போன்ற பதம் வந்தவுடன், குளிர்ந்த மூடிப் பாத்திரத்திற்கு மாற்றி மேலும் இரண்டு மணி நேரம் உறையவைக்க வேண்டும்.

இரண்டாவது வழி, மின்சாரம் நின்றாலும் நிற்காதது. ஒரு வாளியில் மூன்று பங்கு உடைத்த ஐஸ் கட்டியும் ஒரு பங்கு கல்லுப்பும் அடுக்கி, நடுவில் கலவை உள்ள எவர்சில்வர் தூக்கை இறுக மூடி வைக்கவும். உப்பு பட்டு உருகும் பனி, சுற்றிலுமுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் வாளிக்குள் குளிர் பூஜ்யத்திற்கு வெகு கீழே இறங்கும். தூக்கைச் சுழற்றிக்கொண்டே, சில நிமிடங்களுக்கு ஒரு முறை திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக்கரண்டியால் வழித்து நடுவில் சேர்க்க வேண்டும். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் பதம் வரும். உப்புநீர் உள்ளே சிந்தாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

எந்தப் பழமும் இதற்கு உதவும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சப்போட்டாவும் வாழையும் சீத்தாப்பழமும் இயல்பிலேயே குழைவானவை. சீத்தாப்பழத்தைச் சூடாக்காமல், விதைகளை அரைபடாமல் நீக்குக. பச்சை அன்னாசியில் பால் புரதத்தைச் சிதைக்கும் நொதி உள்ளது. பாலுடன் சேர்த்தால் கசக்கும். அதைச் சர்க்கரையுடன் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே பயன்படுத்துக. தர்ப்பூசணி பெரும்பாலும் தண்ணீர் என்பதால், பாலின்றிச் சர்க்கரைப் பாகுடன் உறையவைப்பதே சிறப்பு.

நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம்

ஐந்தாம் முறையிலிருந்து ஒவ்வொரு முறைக்கும் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பால், பழம், சர்க்கரை மட்டுமல்ல; மின்சாரம், எரிவாயு, கிண்ணம், கரண்டி, தம் உழைப்பின் நேரம், விற்காமல் நின்றவை எல்லாம் அதில் ஏற வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 10 கிண்ணங்களுக்கு மொத்தச் செலவு 300 ரூபாய் என்று கொள்வோம். கிண்ணம் ஒன்றுக்கு அடக்கவிலை 30 ரூபாய். இரண்டு விற்காமல் நின்றால் அடக்கவிலை 37 ரூபாய் 50 காசாக உயர்ந்துவிடுகிறது. இயந்திரம் வாங்கினால் அதன் மாதத் தவணையும் இதே பக்கத்தில் வந்து அமரும். மாம்பழம் இல்லாத மாதங்களிலும் எழுந்து போகாது.

விற்பனை தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் பதிவு அவசியம். சிறு தொழிலுக்கு எளிய பதிவு முறை உண்டு. கொழுப்பு 10 சதவீதத்திற்குக் குறைவான பண்டத்தை வெறுமனே ‘ஐஸ்கிரீம்’ என்று விற்கக் கூடாது என்பதையும் மறவாதீர்கள். உருகியதை மீண்டும் உறையவைத்து விற்பது சுவைக்கும் உடல்நலத்துக்கும் கேடு.

தேவை உறுதியான பின் கடன் ஒரு நல்ல துணை. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிப் பெறலாம். 2020இல் அறிவிக்கப்பட்ட குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமர் திட்டம், தகுதியான செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 இலட்சம் ரூபாய், கடனோடு இணைந்த மானியமாக வழங்க வகை செய்தது. விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பிலுள்ள விதிகளைக் கிளை மேலாளரிடம் கேட்டறிக.

பத்தாம் முறை முடிந்த அன்று அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் 20 கிண்ணங்கள் வரை கேட்கிறார்கள் என்றும், மற்ற நாட்களில் கேட்பாரில்லை என்றும் அவரே கணக்கிட்டிருந்தார். “20 கிண்ணத்துக்கு மிக்சியே போதும் மாமா” என்றார். வைப்புத் தொகையை மறுபடியும் ஓராண்டுக்குப் போட்டுவிட்டு, மூடியுள்ள பாத்திரங்களும் ஒரு வெப்பமானியும் மட்டும் வாங்கினார். மாம்பழப் பருவம் முடிந்துவிட்டது. சீத்தாப்பழம் எப்போது வரத் தொடங்கும் என்று இப்போது சந்தையில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.