துண்டில் எழுதிய மருந்து: புத்தளம் கரையோர முதியவர்களின் கைச்செலவு

கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகருக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். கற்பிட்டியிலும் வைத்தியசாலை உண்டு; ஆனால் விசேட வைத்தியரிடம் காட்ட வேண்டியவர்கள் பல வேளைகளில் புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. கிளினிக் நாளென்றால் விடிவதற்குள் பஸ் ஏறவேண்டும். வெறும் வயிறு, பொலித்தீன் உறையில் போட்ட கிளினிக் கொப்பி, இரத்தம் எடுத்த பிறகு குடிக்க ஃபிளாஸ்கில் தேநீர். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஒருவர் பத்து மணிக்கு மேல் வைத்தியரைப் பார்த்து, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வருகிறார். ஐந்து மருந்தில் நான்கு கிடைக்கிறது. ஐந்தாவதைத் துண்டில் எழுதி, “இத வெளியில வாங்குங்க” என்கிறார்கள்.

கைக்காசு கரையத் தொடங்குவது அந்தத் துண்டில்தான்.

காசு போகும் வழி

இலங்கையில் அரச வைத்தியசாலைக் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்கோ கட்டிலுக்கோ அங்கே பொதுவாக யாரும் பில் போடுவதில்லை. இருந்தும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 40 வீதத்துக்கு மேல் மக்கள் தங்கள் பையிலிருந்தே கொடுக்கிறார்கள். தனியார் சேனலிங், பார்மசி, லேப் ஆகிய மூன்று வாசல்களில் அதன் பெரும்பகுதி போய்விடுகிறது.

நான்காவது ஒன்று கணக்கில் வருவதேயில்லை. எழுபது வயதுத் தகப்பனைத் தனியே அனுப்ப முடியாது என்று மகனும் கூடப் போகிறார். அவர் கரைவலை இழுப்பவரானால், அன்றைய மீன்பாட்டில் அவருக்குப் பங்கு இல்லை. இரண்டு பேருக்குப் பஸ், மத்தியானச் சாப்பாடு, திரும்பும்போது நேரமாகிவிட்டால் ஓட்டோ. எந்தக் காப்புறுதிப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. பெரிய வருத்தம் என்று வந்துவிட்டால் வலை முதலாளியான சம்மாட்டியிடம் முற்பணம் அல்லது நகை அடகு, இரண்டில் ஒன்று.

2022 பொருளாதார நெருக்கடி இந்தச் செலவை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது. மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு இது. மார்ச்சில் மருந்து விலை 29 வீதமும், ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துகளுக்கு 40 வீதமும் உயர்ந்தன. அந்த நாட்களில் பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுச் சமாளித்தவர்கள் உண்டு. அப்படி மிச்சம் பிடித்த காசை ஒரேயொரு பக்கவாதம் வட்டியோடு திருப்பி வாங்கிவிடும்.

பெட்டிக்கும் குளிசைக்கும் வேறு விலை

துண்டைப் பார்மசியில் நீட்டும்போது கேட்கவேண்டியது ஒன்றுதான்: “இதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறதா?” மெட்ஃபோமின், லொசார்ட்டன், அட்டோவஸ்டற்றின் போன்றவற்றைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, பெட்டிக்குப் பெட்டி விலை பெரிதும் மாறும். மருந்தை வணிகப் பெயரால் அல்லாமல் மூலப்பெயரால் வாங்கும் கொள்கைக்கு இங்கே வழிகாட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். அதன் ‘ஒசு சல’ கடைகளில் விலையைக் கேட்டுவிட்டுப் பக்கத்துப் பார்மசியில் வாங்கினாலும் நட்டமில்லை; ஒப்பிட ஒரு விலையாவது கையில் இருக்கும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தது. பில் கேட்டு வாங்குவது அதனால்தான் முக்கியம்.

வலிப்பு, தைரொயிட், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின் ஆகியவற்றில் மட்டும் கம்பெனி மாற்றுவதற்கு முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

காப்புறுதி இருந்தாலும்

அரச உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு ‘அக்ரஹார’ இருக்கிறது. 1997இல் அரச ஊழியருக்கென வந்த இந்தக் காப்புறுதி பின்னர் ஓய்வுபெற்றோருக்கும் விரிவானது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இது நல்ல துணை. உடப்பில் வலை பின்னும் அவருடைய அண்ணனுக்கோ எதுவும் இல்லை.

தனியார் காப்புறுதிக் கம்பெனிகள் பொதுவாக அறுபதுகளில் புதியவர்களைச் சேர்க்கத் தயங்குகின்றன. சேர்த்தாலும் ஏற்கெனவே உள்ள வருத்தத்தை விலக்குவார்கள், அல்லது சில காலம் காத்திருக்கச் சொல்வார்கள். கிளினிக் மருந்துக்கும் சேனலிங்குக்கும் பெரும்பாலும் காசு வராது. வைத்தியசாலையில் தங்கினால்தான் வரும். முதியவருக்கு மாதாமாதம் செலவு வைப்பதோ அந்த முதல் இரண்டுந்தான்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தனியார் வைத்தியசாலை பில் 4 இலட்சம் ரூபா. கையுறை, துணைக்கு இருந்தவரின் கட்டில் என ஒப்பந்தத்தில் இல்லாதவை 50,000. மிச்சம் மூன்றரை இலட்சத்தில் நோயாளியின் பங்கு 20 வீதம் என்றால் 70,000. கம்பெனி கொடுப்பது 2,80,000. வீடு கொடுப்பது 1,20,000. வருடக் கட்டுப்பணம் இதற்கு வெளியே. கையெழுத்துப் போடுமுன் கேட்கவேண்டியவை இந்தக் கணக்கிலேயே இருக்கின்றன: எது சேராது, என் பங்கு எத்தனை வீதம், அறைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு, எந்த வயதில் நிறுத்துவீர்கள். கோரிக்கையை அநியாயமாக மறுத்துவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

வென்னப்புவ, மாரவிலப் பக்கம் கதை வேறு. பிள்ளைகள் இத்தாலியில், அங்கிருந்து வரும் காசில் பெற்றோர் நீர்கொழும்பிலோ கொழும்பிலோ தனியாரிடம் காட்டுகிறார்கள். காசு இருக்கிறதென்று ஒரே ஸ்கேனை இரண்டு இடத்தில் எடுப்பதும் அங்கே நடக்கிறது. பழைய ரிப்போட்டைக் கையில் கொண்டுபோனால் அந்தச் செலவு மிச்சம்.

பிரதேச செயலகத்தில் கிடைப்பவை

வருமானம் குறைந்த, 70 வயது தாண்டியவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரலிலிருந்து 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆனது. சிறுநீரக நோயாளர் கொடுப்பனவும் அதே ஆண்டு 7,500இலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. 60 வயதானால் முதியோர் அடையாள அட்டை பெறலாம்.

இருதயச் சத்திரசிகிச்சை, புற்றுநோய், சிறுநீரக மாற்று போன்ற பெருஞ்செலவுகளுக்கு 1978இல் தொடங்கிய ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. அதற்காக முன்பு கொழும்புக்கு அலையவேண்டியிருந்தது. புத்தளத்திலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவுடனேயே விசாரிப்பது புத்தி. அவசரமென்றால் வான் பிடிக்காமல் 1990ஐ அழைக்கலாம். ‘சுவ செரிய’ அம்புலன்ஸ் காசு கேட்பதில்லை. வருத்தம் முற்றுமுன் பிடிக்க, 35 வயது தாண்டிய எவரும் அரச ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு சிக்கல் பதிவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் பாலாவி, கற்பிட்டிப் பகுதிகளிலேயே முதுமை அடைந்துவிட்டார்கள். சிலருக்குப் பதிவு இன்னும் மன்னாரில். மருந்து வாங்குவதோ புத்தளத்தில். கொடுப்பனவோ நிதிய உதவியோ, எந்தச் செயலகத்தில் கொடுப்பதென்று கிராம சேவகரிடம் முதலில் உறுதிசெய்துகொண்டால், அங்குமிங்கும் ஓடும் பஸ் காசாவது கையில் நிற்கும்.