பாட்டு உலகம் சுற்றுகிறது. பாடியவரின் பங்கு எங்கே?

கோவிலம்பாக்கத்தில் மஃரிபுக்குப் பிறகு ஓத வரும் பையன்களில் ஒருவன் ஒருநாள் கேட்டான்: "ஹஜ்ரத், ரேமா மாதிரி ஒரே பாட்டுல உலகம் பூரா பேர் வாங்க முடியுமா?"

முடியும். ரேமா 2000-ல் நைஜீரியாவின் பெனின் நகரில் பிறந்தவர். 2018-ல் இன்ஸ்டாகிராமில் அவர் பதிவிட்ட ஒரு சிறு வீடியோ இசைத் துறையினரின் கண்ணில் பட்டது. 2022-ல் வெளிவந்த அவரது 'காம் டவுன்' பாடல், அடுத்த ஆண்டே ஸ்பாட்டிஃபையில் 100 கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டுவிட்டது. இன்று ஒரு செல்போன் இருந்தால் திறமை கடல் தாண்டும். இசை பற்றிய மார்க்கச் சட்டம் தனித் தலைப்பு. அதை இங்கே பேசவில்லை. அந்தப் பையன் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்விதான் இந்தக் கட்டுரை. பேர் வந்தால் உரிமையும் கூலியும் தானாக வந்துவிடுமா?

பதிலுக்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். அரக்கோணத்து இளைஞர் அறிவு போதும். 2018-ல் அறிமுகமான 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாம் வீதியில் நின்ற காலத்தில் 'சண்ட செய்வோம்' என்று பாடியவர். 2021 மார்ச்சில் அவரும் பாடகி தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியானது. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன்; வெளியிட்டது மாஜ்ஜா நிறுவனம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதைகளிலிருந்து அறிவு எழுதிய வரிகள் அவை. யூடியூபில் அந்தப் பாடல் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது. பிரெஞ்சு இசைக் கலைஞர் டிஜே ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார்.

அதன் பிறகுதான் சிக்கல் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. எழுதியதும் மெட்டமைத்ததும் தானே என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே, இந்தப் பாடலால் எங்கள் யாருக்கும் ஒரு ரூபாயும் வரவில்லை என்றார். நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் கணக்கு, அதை உருவாக்கியவர்களிடையே கூடத் தெளிவாக இல்லை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இது புதிதல்ல. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939-ல் ஜோகன்னஸ்பர்க்கில் 'ம்பூபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். அந்த மெட்டு அமெரிக்காவில் வேறு பெயரில் பெரும் வெற்றி பெற்றது. பிறகு 'லயன் கிங்' படத்திலும் ஒலித்தது. லிண்டா 1962-ல் ஏழையாகவே இறந்தார். அவருடைய பெண்மக்கள் வழக்குத் தொடுத்த பிறகு, 2006-ல்தான் சமரசம் ஏற்பட்டது.

நம் நாட்டுச் சட்டம் இதில் உதவுகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். 2012-ல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்து இழந்துவிடாதபடி பாதுகாப்புத் தந்தது.

சட்டம் இருந்தாலும், படிக்காமல் கையெழுத்துப் போடுபவரை அது முழுதாகக் காப்பாற்றாது. நம் வீட்டுப் பிள்ளைகள் பாடகர்கள் ஆகாமல் இருக்கலாம். நஷீத் பாடுகிறார்கள், வீடியோ எடிட் செய்கிறார்கள், டிசைன் போடுகிறார்கள், செயலி உருவாக்குகிறார்கள். "தெரிஞ்சவங்கதானே, காசைப் பற்றிப் பேசினா நல்லா இருக்காது" என்று நாம்தான் அவர்களைத் தடுக்கிறோம். குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா 282, தொழுகையையோ நோன்பையோ பற்றியது அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைப்பது பற்றியது. நம்பிக்கை இல்லாதவர்கள்தான் எழுதி வாங்குவார்கள் என்பது நம் ஊர் வழக்கம். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

எனவே பிள்ளை ஒரு வேலையை ஒப்புக்கொள்ளும்போது பெற்றோர் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். யார் பெயர் வரும்? வருமானம் எப்படிப் பங்கிடப்படும்? எத்தனை ஆண்டுக்கு? பதில் ஒரு தாளில், இரு தரப்புக் கையெழுத்துடன் இருக்கட்டும்.

அந்தப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்போ, நம்ம மதரஸா ஆண்டு விழா வீடியோவை நான்தானே எடிட் பண்ணினேன்? அதுல என் பேர் இல்லையே, ஹஜ்ரத்?"

உண்மைதான். அன்றிரவே அவன் பெயரைச் சேர்த்தோம்.