தூளியும் மலைப்பயணமும்

பூமியில் பயணம் செய்து படைப்பின் விந்தைகளைக் காணுமாறு திருமறை பல இடங்களில் பணிக்கின்றது. மலைவழி நடந்து இயற்கையை அறிய விழையும் மாணவர் தொகை பெருகிவருதல் மகிழ்ச்சிக்குரியது. ஆயின் கூடாரம், மெத்தை, முதுகுப்பை என விலைப்பட்டியல் நீளக் கண்டு, 'இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது' என ஒதுங்கிவிடுவோர் பலர். இரவு தங்கும் செலவைப் பெரிதும் குறைக்கவல்லது, இரு மரங்களுக்கிடையே கட்டி உறங்கும் தொங்குபடுக்கையாகும். அதில் எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே செய்யலாகாது என்பதை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

இதனை ஆங்கிலத்தில் 'ஹேமக்' என்பர். சொல் ஆங்கிலேயருடையதன்று. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் 'ஹமாக்கா' என்னும் சொல், ஸ்பானிய மொழி வழியாக ஐரோப்பா சென்றது. 1492இல் அத்தீவுகளை அடைந்த கொலம்பஸ் குழுவினர், அம்மக்கள் வலைகளில் உறங்குதலைக் கண்டனர். 1597இல் ஆங்கிலேயக் கடற்படை இதனை மாலுமிகளின் படுக்கையாக ஏற்றது. நம்மிடமோ தூளி, ஏணை என ஊருக்கொரு பெயர் உண்டு. குழந்தைக்கு மட்டும் வழங்கிய அச்சொல்லைச் சற்றே நீட்டி, 'தூளிப்படுக்கை' என நாம் வழங்கினால் குற்றமில்லை.

குழந்தையின் தூளிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சேலைத் தூளியின் இரு முனைகளும் மேலே ஒரே இடத்தில் கட்டப்படுகின்றன. எடை நேர் கீழாக இறங்குகின்றது. தூளிப்படுக்கை இரு மரங்களால் இரு பக்கமும் இழுக்கப்படுகின்றது. கயிறு தரைமட்டத்துடன் 30 பாகை சாய்ந்திருந்தால், 60 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு கயிறும் 60 கிலோ இழுவையைத் தாங்கும். விறைப்பாக இழுத்து 10 பாகையில் கட்டினால் அது ஏறத்தாழ 173 கிலோவாகும். 5 பாகையில் 344 கிலோவாகும். விறைப்பாகக் கட்டினால் முதுகு நேராக இருக்கும் என்று எண்ணிக் கயிறு அறுந்து விழுவோர் உளர். பெருவிரலையும் சுட்டுவிரலையும் செங்கோணமாக விரித்துச் சுட்டுவிரலைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். இரு விரல் நுனிகளையும் இணைக்கும் சாய்வே ஏறத்தாழ 30 பாகை. உட்காரும் இடம் நாற்காலி உயரத்திற்கு, அதாவது ஒன்றரை அடிக்கு, மேற்படலாகாது.

அங்ஙனமாயின் முதுகு நேராவது எப்படி? தளர்வாகக் கட்டிய துணியில் மூலைவாட்டாகப் படுத்தல் வேண்டும். அப்பொழுது உடல் ஏறக்குறைய மட்டமாகிவிடும். இதற்குத் துணி நீளமாக இருத்தல் இன்றியமையாதது. கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 9 அடி நீளமே உடையன. உயரமானவர்க்கு அவை வாழைப்பழ வளைவையே தரும். 11 அடி வேண்டும். 'இருவர் படுக்கலாம்' என விற்பனை செய்யப்படுவதில் ஒருவர் படுப்பதே முறை. அதன் அகலம் மூலைவாட்டாகப் படுக்க உதவும். இரு முனையிலும் மரக்கட்டை பொருத்திய, உல்லாச விடுதிகளில் காணும் வலையை எடுத்துச் செல்ல வேண்டா. அது கனமானது, புரண்டால் கவிழ்த்துவிடும்.

வாங்கித்தான் தீரவேண்டும் என்பதுமில்லை. உறுதியான நைலான் துணி மூன்றரை மீட்டர் எடுத்து, இரு ஓரங்களிலும் கயிறு நுழையுமளவு மடித்து இரட்டைத் தையல் போட்டால், எந்தத் தையற்காரரும் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவார். பருத்தி, ஈரம் ஏற்றால் கனக்கும், உலர நேரமாகும். இரு முனைகளையும் இணைத்து மேலே 9 அடிக் கயிறொன்றைக் கட்டிவிட்டால், எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு மாறாது. கொசுவலை தொங்கவும் அதுவே உதவும்.

சிக்கனம் செய்யலாகாத இடம் நாடாவும் கொக்கியுமே. மரத்தைச் சுற்றும் நாடா ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் நாடா நனைந்தால் நீண்டு, நள்ளிரவில் நம்மைத் தரையில் கிடத்தும். சாவிக்கொத்தில் மாட்டும் அலங்காரக் கொக்கியை நம்புதல் கூடாது. மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். இலை ஆக்கிய உணவு வேருக்கு இறங்கும் வழி அப்பட்டையின் உட்புறத்தில்தான் உள்ளது. மரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமன்றோ! அரையடிக்குக் குறையாத விட்டமுள்ள, உயிருள்ள மரங்களைத் தேர்க. பட்டமரமும், மேலே காய்ந்த கிளை தொங்கும் மரமும் உயிருக்கு ஆபத்தானவை.

குளிரைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முதுகின் கீழே காற்று ஓயாது வீசிக்கொண்டிருக்கும். கம்பளியோ உறக்கப் பையோ உடற்பாரத்தால் நசுங்கி வெப்பம் காக்கும் ஆற்றலை இழக்கும். வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்கினாலே முதுகு சில்லிடும். மார்கழியில் கொடைக்கானலில் அது 10 பாகைக்கும் கீழே செல்லும். கீழே தொங்கவிடும் மெத்தைகள் விலை மிக்கவை. துணிக்கும் உடலுக்கும் இடையே விரிக்கும் ஃபோம் பாய் நமக்குப் போதும்.

மழைக்கு ஒரு தார்ப்பாய். படுக்கையின் இரு முனையையும் கடந்து சிறிது நீண்டிருந்தால் சரி. நாடாவில் சிறு நூலொன்றைத் தொங்கவிட்டால், மரத்திலிருந்து வழிந்துவரும் நீர் படுக்கையை எட்டாமல் அந்நூல் வழியே சொட்டிவிடும்.

மரம் கண்ட இடமெல்லாம் கட்டிவிட இயலாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோர் பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்திற்குத் தனி விதிகளை வகுத்தது. வனத்துறையின் அனுமதியும், இரவு தங்க ஒப்புதலும் பெற்ற பின்னரே முதுகுப்பையைத் தூக்க வேண்டும். அதற்கு முன்பாக, வீட்டுத் தோட்டத்திலோ விடுதி வளாகத்திலோ ஓர் இரவு முழுவதும் கட்டிப் படுத்துப் பாருங்கள். தையல் பிரிவதாயினும் முடிச்சு நழுவுவதாயினும் அங்கேயே தெரிந்துவிடும்.